அறுபது, முப்பது, ஆறு

பீர்மேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் ரிசார்ட் கட்டுவதற்காக மண் பரிசோதனை நடந்தது. துளைபோடும் இயந்திரத்தில் சோலைக்கு வேலை.

முதல் குழி, போன மழையில் மண் சரிந்து தொழிலாளர் லயத்து வீடுகள் புதைந்த பள்ளத்தில். அறுபது அடியில் சிவப்பு சிமெண்ட் துண்டு வந்தது. அவன் வீட்டுத் தரை. அதோடுதான் அவன் மனைவி குருவம்மாள் போனாள். உடல் கிடைக்கவில்லை.

இரண்டாவது குழி மேலே, யாரும் குடியிருக்காத மேட்டில். முப்பது அடியில் அதே சிவப்பு.

மூன்றாவது, மானேஜர் பங்களா முற்றத்தில். ஆறாவது அடியில் வந்த துண்டில் பச்சை வளையல் சில்லு பதிந்திருந்தது. வாசல்படி பூசிய அன்று ஈரத்தில் குருவம்மாள் பதித்தது. சோலை அதை மடியில் முடிந்துகொண்டான்.

"கீழ புதைஞ்சது மேல ஏறி வருமா மேடம்?" என்று நிலவியல்காரி சித்ராவிடம் கேட்டான்.

"பூமித் தட்டுக ஒண்ணோடொண்ணு மோதுற கடலோரத்துல வரும்ணே. படிஞ்ச மண்ணு மடிஞ்சு மேல ஏறும். அதுக்கே லட்சக்கணக்கான வருசம் ஆகும். இங்க எதுவும் மோதல."

மாலையில் மழை பிடித்தது. காலையில் இல்லாத விரிசல் ஒன்று பங்களா வராந்தாவில் ஓடியிருந்தது.

"சோலை, தரை விரிசல் விட்டிருக்கே. உள்ள படுக்கலாமாடா?" என்றார் மானேஜர்.

போன மழையில் லயத்து வாசலில் நின்று குருவம்மாள் அவரிடம் கேட்டதும் இதுதான். அவர் சொன்ன பதில் சோலைக்கு மறக்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது சார். போய்ப் படுங்க."

அவர் உள்ளே போனார். விரிசலுக்கடியில் சிவப்புத் தரை தெரிந்தது. இப்போதுதான் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது.