சுவரில் இருந்த ஜெனரல்

"சம்பந்தம் பேச வாற ஆக்கள் இந்த வெள்ளைக்காரன் ஆரெண்டு கேட்டால் என்ன சொல்லப் போறியள்?" என்று கணவரைக் கேட்டாள் ஜெகதீஸ்வரி.

"ஜெர்மன் குதிரைப்படை ஜெனரல் எண்டு சொல்லுவன்," என்றார் தியாகலிங்கம்.

புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த ரொக்ஸ்பரோ வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஜெனரல் குதிரைமேல் விறைப்பாக இருந்தார். பக்கத்தில் ஜெகதீஸ்வரியின் தம்பி வசீகரனின் படம். போர்க்காலத்தில் ஊரில் ஒருநாள் அவனை விசாரிக்கவென்று ஆயுத இயக்கத்தின் காம்புக்குக் கூட்டிப்போனார்கள், அதோடு சரி. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாதவனின் படத்துக்கு எப்படி மாலை போடுவது? அவள் இன்றுவரை போடவில்லை.

மகள் கஜந்தினிக்கு நாலு இடம் தட்டிப்போய், கடைசியில் இந்த ஆரூரனைத்தான் பிடித்திருந்தது. இதையும் ஒரு குதிரைக்காரன் கெடுக்க வேண்டுமா என்று ஜெகதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பயந்தபடியே நடந்தது. ஆரூரனின் தகப்பன் குணரத்தினம் வந்து இருந்த நேரத்திலிருந்து சுவரையே பார்த்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. கேட்காமலே தியாகலிங்கம் தொடங்கிவிட்டார்.

"வலு கெட்டிக்காரன், அண்ணை. குண்டு விழேக்கையும் காயப்பட்ட குதிரையை விட்டிட்டு வராத ஆள்."

வழக்கமாகப் பேச்சில் குதிரை வந்ததும் ஜெகதீஸ்வரி எழும்பி அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குப் போய்விடுவாள். இன்று மரியாதைக்காக இருந்தாள்.

"கைதியளைச் சுடச் சொன்னதும் இவன்தான். அது பெரிய பாவம். போர் முடிஞ்சு வழக்கு நடக்கேக்க, 'தெரியாதெண்டு சொல், தப்பலாம்' எண்டு வக்கீல் சொன்னவராம். இவன் எழும்பி, 'கட்டளை என்ர, சுட்ட பெடியளை விடுங்கோ' எண்டிட்டு, புதைச்ச இடமெல்லாம் காட்டினவன். பேந்து இவனைத் தூக்கில போட்டிட்டாங்கள். ஆனால் தாய்மாருக்குத் தங்கட பிள்ளையள் கிடந்த இடம் தெரிஞ்சுது. அந்தத் துணிவுக்குத்தான் இந்தப் படம்."

அந்தப் படத்தைக் கணவர் ஏன் தம்பிக்குப் பக்கத்தில் மாட்டினார் என்று ஜெகதீஸ்வரிக்கு இன்றுதான் விளங்கியது. இந்த மனிதரையா இவ்வளவு காலமும் திட்டினேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

குணரத்தினம் எழும்பினார். சரி, இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனது என்று நினைத்தாள்.

அவர் வாசலுக்குப் போகவில்லை. ஜெனரலைத் தாண்டிப்போய் வசீகரனின் படத்துக்கு முன்னால் நின்றார்.

"தங்கச்சி, நீங்கள் இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு சொன்னாலும் நான் சொல்லத்தான் வேணும். இந்தத் தம்பியைக் கொண்டுவந்த காம்புக்கு அப்ப நான்தான் பொறுப்பு. புதைச்ச இடத்தை ஊருக்கு வந்து காட்டுறன்," என்றார். "தம்பிக்கு மாலையைப் போடுங்கோ."