பள்ளத்துக்குப் போன செங்கல்

புதுமனைப் புகுவிழாவில் கொத்தனாருக்கு வேட்டி உண்டு, மின்பணியாளருக்குத் தாம்பூலம் உண்டு. மண்ணுக்கடியில் மின்வடத்தின் மேல் படுத்திருக்கும் செங்கல்லை எவரும் நினைப்பதில்லை.

இந்தச் செங்கல் நிலைவாசலுக்கு ஆசைப்பட்டவள். வந்து சேர்ந்ததோ, தெருவிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வரும் பள்ளத்துக்கு.

"என்னடி, புதையல் காக்கும் பூதமா நீ?" என்று சுவரேறிய செங்கற்கள் கேலி செய்தன.

"பூதத்துக்காவது படையல் உண்டு," என்றாள் அவள்.

கீழே கிடந்த மின்வடம் கேட்டது: "அக்கா, உன்னை ஏன் என்மேல் வைத்தார்கள்?"

"கடப்பாரை வந்தால் முதலில் என்னிடம் பேசட்டும் என்றுதான்."

விழாவுக்கு முதல்நாள் கடப்பாரை வந்தது. வாசலில் வாழைமரம் நட வந்தவர் சரியாக அந்த இடத்தில்தான் ஓங்கிக் குத்தினார். செங்கல் இரண்டாகப் பிளந்தாள்; மின்வடமும் தப்பியது, குத்தியவரும் தப்பினார்.

வீட்டுக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. வெறும் செங்கல்தான். ஒரு முழம் தள்ளித் தோண்டுங்கள்."

உடைந்தவளை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் இருந்த இடத்தை மண்ணைத் தள்ளி மூடினார்கள். மறுநாள் சுவர்களுக்குச் சந்தனம் பூசினார்கள். அவளுடைய ஒரு பாதி பந்திச் சமையலின் அடுப்புக்கு முட்டுக் கொடுத்துக் கரி பிடித்தது. மறுபாதி, கேட் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது.