பூட்டுப் போட்ட போன்

“சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டாள் நாத்தனார்.

தெரியாமல் கேட்கவில்லை. கூடத்து மேஜைமேல் டெலிபோன், டெலிபோனின் டயலில் ஒரு குட்டிப் பூட்டு, பூட்டின் சாவி அவள் தம்பியின் இடுப்பில், கடைச் சாவிக் கொத்தோடு. அந்தப் பூட்டைப் போடச் சொன்னதே இந்த மகராசிதான்.

தம்பி, அதாவது வீட்டுக்காரர், இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நாத்தனார் கையில் டெலிபோன் பில். வழக்கமான கட்டணத்துக்குக் கீழே, யாரோ ஒரு வெளிக் கம்பெனியின் பேரில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது. ‘தோழமைக் குரல் - மனம் விட்டுப் பேச.’

நாத்தனார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பில்லைத் தள்ளிப் பிடித்து ஒருமுறை படித்தாள். பிறகு கண்ணாடிக்கு மேலாகத் தம்பியைப் பார்த்தாள்.

மனைவி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நேற்று தபாலில் வந்த பில்லை முதலில் பிரித்தவள் அவள்தான். எனக்கு ஒண்ணும் புரியலை, நீங்க வந்து பாருங்க என்று நாத்தனாருக்குச் சொல்லியனுப்பியவளும் அவள்தான்.

ஆறு வருஷமாக அந்தப் பூட்டு. அவள் யாருக்கோ போன் பண்ணுகிறாள் என்று இவர்களுக்குச் சந்தேகம். அன்றிலிருந்து யாரோடு பேச வேண்டுமென்றாலும் அவரிடம் கை நீட்டிச் சாவி கேட்க வேண்டும். திறந்துவிட்டுப் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். வந்தவர் போனவரெல்லாம் பூட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவள் அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று சாவி அவர் இடுப்போடு வெளியூர் போயிருந்தது. மருந்துக் கடைக்கு ஓடிப்போய் அங்கிருந்து பேசினாள். அந்தப் பக்கம் எடுத்த அண்ணன், “இப்பத்தாம்மா...” என்று சொல்லி அழுதான்.

அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

இப்போது பாருங்கள். பூட்டு பூட்டினபடியே இருக்கிறது. சாவி இருப்பதோ ஒரே ஆளிடம். அப்படியானால் தோழமைக் குரலோடு கொஞ்சியது யார்? கணக்கு டீச்சர் இதற்கு விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

“சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா,” என்றார் வீட்டுக்காரர். “காலையிலயே டெலிபோன் ஆபீஸ்ல போய்க் கத்திட்டு வந்திருக்கேன். விசாரிச்சுட்டுப் போன் பண்றேன்னாங்க.”

“பண்ணட்டும், பண்ணட்டும். இந்த வயசுல துரைக்குத் தோழி கேக்குதாக்கும்.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கடையில் நாலு பேரை விரட்டி வேலை வாங்குகிற மனுஷன், பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய பையன் மாதிரி ஆகிவிட்டார். நீயாவது சொல்லேன் என்று மனைவி பக்கம் திரும்பினார். அவளா? நல்லா வேணும், நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

அவர் அப்படிப்பட்டவர் இல்லையென்று அவளுக்குத் தெரியும். மனம் விட்டுப் பேசுகிற அளவுக்கு அந்த மனுஷனிடம் பேச்சே கிடையாது. தெரிந்தால் என்ன? அவள் எப்படிப்பட்டவள் என்று அவருக்கும்தான் தெரிந்திருக்க வேண்டும்.

போன் அடித்தது.

டயலைப் பூட்டினால் இங்கிருந்து கூப்பிட முடியாதே தவிர, வருகிற போன் வரத்தான் செய்யும். அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“நீ உக்காரு,” என்றாள் நாத்தனார். “அந்தச் சிறுக்கியாக்கூட இருக்கும். உன் பொண்டாட்டி எடுக்கட்டும்.”

மனைவி எடுத்தாள்.

டெலிபோன் ஆபீசிலிருந்து ஒரு பெண். உங்கள் வீட்டிலிருந்து அந்தச் சேவைக்கு யாருமே பேசவில்லையம்மா, என்றாள். யாரும் கேட்காமலே அந்தக் கம்பெனி பாதி ஊரின் பில்லில் இப்படி ஏற்றிவிட்டிருக்கிறது, அதை நாங்கள் எடுத்துவிடுகிறோம், சாரிடம் சொல்லிவிடுங்கள், கவலைப்பட வேண்டாம் என்றாள். நல்ல பெண். பொறுமையாகத்தான் சொன்னாள்.

மனைவி கடைசிவரை கேட்டாள். கூடத்தில் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனுஷன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். நாத்தனாரும் பில்லை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். டயலில் பூட்டு இருந்தபடியே இருக்கும். நாளைக்கு அவரே ஆபீசுக்குப் போய்த் தெரிந்துகொள்வார், தெரிந்துகொள்ளட்டும். அதுவரைக்கும் தவிக்கட்டுமே.

ரிசீவரை வைத்தாள்.

“யாரு?” என்றார் அவர்.

“ராங் நம்பர்.”

“பொம்பளைக் குரலா?” என்றாள் நாத்தனார்.

“ஆமா.”

நாத்தனார் பில்லை மேஜையில் போட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் ஒடுங்கிப்போனார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருத்தன் வேறு யாரையோ கேட்டு இந்த வீட்டுக்குப் போன் செய்தான். அன்றைக்கும் அவள் ராங் நம்பர் என்றுதான் சொன்னாள். ஆம்பளைக் குரலா என்று இதே நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்றாள்.

மறுநாள் காலையில் அவர் கடையிலிருந்து பூட்டு வந்தது.