இடைவேளைக்குப் பொறுப்பாளி

மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ரகபின் கை அதற்குள் ஊன்றுகோலைத் தேடிப் பிடித்துவிட்டது.

முட்டை அவிக்க வாங்கிய குட்டி மணிக்கடிகாரம் அவர் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே மகள் நிஹால், மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம், புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தாள்.

இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் இடைவேளை. இடைவேளையில் உட்காரக்கூடாது. வாசல் கதவுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே படித்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் கூடவே நடந்து அதைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் படித்தது மண்டையில் தங்காது. முறையே அப்படித்தான் என்று நிஹால் குளிர்காலத்தில் வந்து சொன்னாள்.

சொன்ன இடம் சரியான இடம். தந்தா ரயில் சந்திப்பில் முப்பத்தெட்டு வருடம் சிக்னல் கேபினில் இருந்தவர் ரகப். நேரத்தை அவரிடம் ஒப்படைத்தால் எள் என்றால் எண்ணெயாக நிற்பார்.

பக்கவாதம் வந்து இடது கால் இழுக்கத் தொடங்கியபோது, நடைப்பயிற்சி கொடுக்க வந்த ஆளை இரண்டே நாளில் விரட்டியவரும் இவர்தான். "ரயிலையே நடத்தினவன் நான், எனக்கு நடக்கச் சொல்லித்தர வந்துட்டான்!" என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினார்.

மகள் படிப்பு என்றால் அது வேறு விஷயம். முதலில் ஒரு நடைக்கே மூச்சு வாங்கியது. இப்போது ஒன்பது நடை.

கட்டடம் முழுக்க இதே பேச்சு. கால் இழுத்தும் மனுஷன் பெண்ணின் படிப்பைத் தோளில் சுமக்கிறார் என்று பெண்கள் சொல்ல, அதைக் கேட்டும் கேட்காதவர் போல டீயை உறிஞ்சுவதில் ரகபுக்கு ஒரு தனி சுகம் இருந்தது.

ஆனால் நான்கு நாட்களாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. காது மட்டும் கேபின் காது. நடக்கும்போது அவள் சொல்லும் எட்டுப் பெயர்களும் அவருக்குள் ஸ்டேஷன் பெயர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. நேற்றும் அதே எட்டு. போன மாதமும் அதே எட்டு. குளிர்காலத்தில் தொடங்கிய வண்டி ஒன்பதாவது ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பெண் எட்டு வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டுவிட்டாளே! அவளிடம் கேட்கவும் பயம். கேட்டு, அவள் அழுதுவிட்டால்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு ஷைமா, முலூகியா கீரை நறுக்கும் கத்தி இரவல் கேட்டு வந்திருந்தாள். அதே கல்லூரியில் முதல் வருடம். நிஹால் கத்தி தேடச் சமையலறைக்குள் போனாள்.

ரகப் அந்தப் பெண்ணைச் சைகையால் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஸ்கேஃபாய்டு, லூனேட்..." என்று தொடங்கி எட்டையும் ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தார்.

"இது அவ்வளவு கஷ்டமாம்மா?"

ஷைமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாமா, கலக்குறீங்க! மணிக்கட்டு எலும்புங்க மாமா அதெல்லாம். முதல் வருஷம் முதல் மாசப் பாடம். நானே தூக்கத்துல சொல்லுவேன்."

"அப்ப நிஹால்?"

"அக்காவா? அக்கா அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. காலையில லைப்ரரில வந்து பாருங்க, நாலு மணி நேரம் உக்காந்த இடத்தை விட்டு அசைய மாட்டாங்க. மணியாவது கிணியாவது, பக்கத்துல பேனா விழுந்தாலே முறைப்பாங்க."

ரகப் மடியில் ஓடிக்கொண்டிருந்த மணிக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவர் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தபோது, பெரிய டாக்டர் நிஹாலைத் தனியாக நிறுத்திச் சொன்னது இப்போது அப்படியே காதில் கேட்டது. அரை மணிக்கு ஒரு தடவை, அஞ்சு நிமிஷம். எப்படியாவது நடக்க வைம்மா.

அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மகளைப் பெற நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தார்.

மணி அடித்தது.

கத்தியை வாங்கிக்கொண்டு ஷைமா இறங்கிப் போனாள். நிஹால் வழக்கம்போல அவருடைய இடது பக்கம் வந்து நின்றாள். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாள் என்பது கூட இன்றுதான் அவருக்கு உறைத்தது.

"வாங்க வாப்பா. ஸ்கேஃபாய்டு, லூனேட்..."

"நிறுத்து டாக்டரம்மா," என்றார் ரகப். தொண்டையைச் செருமிக் குரலைக் கேபின் குரலாக்கிக்கொண்டார். "பாடம் உனக்கு இன்னும் சரியா ஏறலை. இந்த நடையெல்லாம் பத்தாது. கீழ தெரு வரைக்கும் போயிட்டு வருவோம்."

நிஹால் திகைத்துப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த நாளுக்குப் பிறகு அவர் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை.

"வாப்பா... மூணு மாடி. அவ்வளவு படி..."

"படியைப் பாத்தா பரீட்சை எப்படிப் பாஸ் பண்றது?" என்று அதட்டிவிட்டு, ரகப் கைப்பிடிச் சுவரைப் பிடித்து இடது காலை முதல் படியில் இறக்கினார்.