ஆக்ஸிலேட்டர் கேபிள்

பந்தய மைதானத்தின் சோதனைக் கூடாரத்தில், பழைய மலைப்பாதை பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான் மெக்கானிக். பரிசோதகர் பிரேக்கை அமுக்கினார், செயினை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணு."

மெக்கானிக் ஸ்டார்ட் செய்துவிட்டு ஹேண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்ஜின் ஓடும்போது பரிசோதகர் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினார். ஆக்ஸிலேட்டரை யாரும் தொடவில்லை; இன்ஜின் மட்டும் தானாகவே அலறியது.

"என்னய்யா இது? கேபிளைத் தப்பான பக்கமா சுத்தி விட்டிருக்கே! திருப்பினாலே இழுக்குது. சரிவுல வளைச்சா ஆளு பள்ளத்துலதான். யாரு மாட்டினது?"

"நான்தான் சார்."

"இனிமே மாத்த நேரமில்ல. இந்த வண்டி ஓடாது, கொண்டு போ."

வண்டியை வெளியே தள்ளி வந்தான். ஹெல்மெட்டும் கையுமாக அப்பா காத்திருந்தார். இதே பைக்கில் ஒரு காலத்தில் கோப்பை வாங்கியவர்; இன்றும் தானே ஓட்டுவதாகப் பெயர் கொடுத்திருந்தார்.

"என்னடா, பாஸா?" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவனைக் கேட்டார்.

"நான் இங்க இருக்கேன்பா. கேபிள் தப்பாம், விடமாட்டேங்கிறாங்க."

"இத்தனை வருஷம் மெக்கானிக்கா இருக்கே, ஒரு கேபிள் ஒழுங்கா மாட்டத் தெரியலையா?"

கண் தெரியவில்லை என்று வீட்டில் யார் சொன்னாலும் எரிந்து விழுபவர் அவர். அதனால்தான் கேபிளை வேண்டுமென்றே மாற்றி மாட்டியிருந்தான். பரிசோதகர் ஹேண்டிலைத் திருப்பாமலே விட்டுவிடுவாரோ என்றுதான் இவ்வளவு நேரமும் செத்துப் பிழைத்தான்.

"தெரியலப்பா" என்றான்.