எட்வினின் போன்

அலுவலகத்தின் கணினிகளையும் போன்களையும் ஒரே மேலாண்மை மென்பொருளுக்குள் கொண்டுவந்த பார்த்திபனிடம், இறந்துபோன ஊழியர் எட்வினின் போன் மட்டும் சிக்கவில்லை. அது அவரோடு கல்லறைக்குள் இருந்தது. அதைச் சவப்பெட்டியில் வைத்தவர் மனைவி ரோஸ்லின்.

“அதுல இருக்கிறதை அழிச்சிடாதீங்க தம்பி,” என்றார் ரோஸ்லின். “தினமும் அதுக்குத்தான் வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்புறேன்.”

“அதுல சார்ஜ் தீர்ந்து மாசக்கணக்காச்சு அக்கா. யாரு கேக்கப் போறா?”

“இருந்தப்ப மட்டும் முழுசாவா கேட்டாரு? பாதிதான்.”

ஆனால், மேலாண்மைக்குள் வராத போன்களில் உள்ளதைத் தொலைவிலிருந்தே அழித்துவிட வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. அழிக்கும் முன் போன் வைத்திருப்பவரிடம் சம்மதம் கேட்பது புதிய முறையின் வழக்கம். பதில் இல்லையென்றால் மாலையில் மென்பொருள் தானே அழித்துவிடும்.

பார்த்திபன் சம்மதம் கேட்கும் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். திரும்பியபோது திரையில் மறுப்பு வந்திருந்தது. காரணமும் எழுதியிருந்தது.

“பொறுங்க தம்பி, இன்னும் பாதி கேக்க வேண்டியிருக்கு.”