மூணாவது தையல்

"ஜாக்கெட்டு ஏறிச்சா, ஏறலியாடி?"

வாசலில் நின்று செங்கம்மாள் போட்ட சத்தம் படாளம் கூட்ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே அவள் மருமகள் பிரபா, தன் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கை எப்படியோ நுழைந்துவிட்டது. முன்பக்கக் கொக்கிதான் ஒன்றுகூட எட்டவில்லை.

"ஏறல அத்த."

"எப்டி ஏறும்? தீபாவளிக்கு சுட்ட அதிரசம் பூரா எங்க போச்சின்னு இப்பதான தெரியுது!"

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். பிரபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய புருஷனாவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஜெகதீசன் மறைமலைநகரில் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். அம்மா வாயைத் திறந்தால் அவன் துணியை எடுத்துக்கொண்டு வேன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவான். அன்றைக்கும் போய்விட்டான்.

தையில் பிரபாவின் தம்பிக்குக் கல்யாணம், மாமல்லபுரம் மண்டபத்தில். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டையும் நாத்தனார்தான் போடவேண்டும். அத்தனை சனத்துக்கும் முன்னால், வீடியோ லைட் வெளிச்சத்தில். அன்றைக்குத் தன் முகூர்த்தப் புடவையை அதே ஜாக்கெட்டோடு கட்டிக்கொண்டு மேடை ஏறவேண்டும் என்று பிரபாவுக்கு உயிர் ஆசை.

ஆசை இருந்து என்ன செய்ய? கொள்ளுக் கஞ்சி, வெந்தயத் தண்ணி, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று அவள் ஆரம்பிக்காத டயட் இல்லை. ரெண்டாவது வாரத்தைத் தாண்டிய டயட்டும் இல்லை.

"ஜாக்கெட்ட இங்க குடு. உன் பீரோவுல போட்டா பூச்சி அரிச்சிடும், என் ட்ரங்குப் பெட்டியில கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம தவறாம போட்டுக் காட்டணும், ஆமா!"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு இந்த மாமியாரிடம் பாடம் படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள் பிரபா.

மறுநாளே ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தாள். சாயங்கால போண்டாவை விட்டாள். சோற்றைப் பாதியாக்கினாள். வழக்கம்போல ரெண்டாவது ஞாயிறு அலுப்பு வந்துவிட்டது. அடுப்பில் மீன் குழம்பு வேறு கொதித்து ஆளை இழுத்தது. இன்றைக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்பது, கொக்கி மாட்டாவிட்டால் நேராகக் குழம்பில் குதித்துவிடுவது என்று முடிவோடுதான் ஜாக்கெட்டை மாட்டினாள்.

"அத்த! ஒரு கொக்கி மாட்டிச்சி!"

"ஒரு கொக்கிக்கே இன்னாடி இந்த ஆட்டம்? இன்னும் அஞ்சு கீது!"

இந்த வாயை அடைப்பதற்காகவாவது நடக்கவேண்டும் என்று பிரபாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. குதித்தது குழம்பில் அல்ல, மறுபடி ஏரிக்கரையில். மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தாள். மார்கழிப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தாள். கொக்கிகளும் ஒவ்வொன்றாக மனசு இறங்கி வந்தன. பொங்கலுக்கு ஆறும் மாட்டிவிட்டன. அதற்கப்புறமும் அவள் நடையை நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் போட்டுப் பார்த்தால், ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது!

சிரிப்பு தாங்காமல், பிடித்துத் தைக்கச் சொல்லி டெய்லர் ரோகிணியிடம் ஓடினாள். ரோகிணி ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினாள். அவளும் சிரித்தாள்.

"இன்னாடி சிரிக்கிற?"

"அப்பறமா தளத்திக்கலாம்னு பக்கத்துல உள்ளாற போட்ட மூணு தையலும் பிரிஞ்சி கெடக்குது, ஓரத் தையல்தான் நிக்கிது பாருக்கா. உன் மாமியார் வேலதான். தீபாவளி முடிஞ்ச கையோட ஓடியாந்து, 'துணி கிழியாம எப்டிப் பிரிக்கிறது'ன்னு கேட்டுக்கினு போனாங்க. சொல்லக் கூடாதுன்னாங்க, வாய வுட்டுட்டேன்."

பிரபாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நான் எளைக்கவே இல்லியா?"

ரோகிணி டேப்பைச் சுற்றி அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள்.

"அக்கா, மூணையும் திரும்பப் போட்டாலும் சரியா இருக்கும். உன் கல்யாணத்து அளவுக்கே வந்துட்ட!"

அங்கேயே தைத்து, அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரபா வீட்டுக்குத் திரும்பினாள். செங்கம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, ஏறிச்சா?"

"நீங்க பிரிச்சத எல்லாம் திரும்பப் போட்டும் ஏறிச்சி அத்த."

செங்கம்மாளுக்கு வாயடைத்துப் போனது. அந்த வீட்டில் அது அதிசயம்.

"அந்த ரோகிணிய…" என்று ஆரம்பித்தவள், மருமகள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினாள். "ஒவ்வொரு தபாவும் ஏறலன்னு நீ படுத்து அழுவுறத பாத்துகினே இருக்க முடியுமா? நாலு நல்ல வார்த்த சொல்ல எனக்கு எங்கடி வந்துது? அதான் ஊக்க எடுத்து தையலப் பிரிச்சேன்."

பிரபா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"அதுக்குன்னு மூணு தையலையுமா பிரிப்பீங்க?"

"மூணா?" செங்கம்மாள் அவளை விலக்கிவிட்டுப் பார்த்தாள். "ஆத்தா மேல சத்தியமா ரெண்டுதான்டி பிரிச்சேன். மூணாவது நான் தொடவே இல்ல!"

இருவரும் ஒன்றாகத் தெருப்பக்கம் திரும்பினார்கள். அங்கே ஜெகதீசன், துடைத்து முடித்த வேன் கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தான்.